அரசி டீச்சர் வாசிக்காமல் விட்ட அத்தியாயம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் தமிழ்ச் சங்கத்து ஹாலைத் திறந்ததும் நான் முதலில் ஜெராக்ஸ் மெஷினுக்கு சுவிட்ச் போடுவேன். பழைய மெஷின், சூடாக நேரம் எடுக்கும். அது சூடாகி முடிப்பதற்குள் அரசி டீச்சர் படியேறி வந்துவிடுவார். கையில் ஒரு புத்தகம் இருக்கும். புத்தகத்துக்குள்ளிருந்து இரண்டு காகிதத் துண்டுகள் நீட்டிக்கொண்டிருக்கும். முதல் துண்டு இருக்கிற பக்கத்திலிருந்து இரண்டாவது துண்டு வரைக்கும் நகல் எடுக்க வேண்டும். எழுத்துத் தெரியாத எனக்காக அவர் கண்டுபிடித்த வழி அது. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மெஷின் சூடாகிப் பச்சை விளக்கும் எரிந்தது. பிள்ளைகள் வந்து பாய் விரித்து உட்கார்ந்தார்கள். டீச்சரைக் காணோம். சங்கத்துச் செயலாளர் கார்த்திக் தம்பி போனைக் காதில் வைத்தபடி வெளியே நின்றிருந்தார். உள்ளே வந்து, "அண்ணா, மெஷினை ஆஃப் பண்ணிருங்க" என்றார்.  சுவிட்சை அணைத்தேன்.

விடியற்காலையில் நெஞ்சு அடைத்ததாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. வியாழக்கிழமை என்னோடு உட்கார்ந்து பேசிச் சிரித்துவிட்டுப் போன மனுஷி. அந்த வியாழக்கிழமையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் சொல்ல வேண்டியது இருக்கிறது.

அவரைத் தெரிந்தவர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். நான் ஏழுமலை. நிக்டி ஹாலுக்கு வருகிறவர்கள் எல்லோரும் என் கையால் டீ குடித்திருப்பீர்கள். தேஹு ரோடு ராணுவ டெப்போவில் பெட்டி தூக்கி ரிட்டயர் ஆனவன். அதற்குப் பிறகு இந்த ஹாலின் சாவி என்னிடம் வந்தது. எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வது கார்த்திக் தம்பிதான். அவரைப் பற்றியும் சில இடத்தில் சொல்ல வேண்டி வரும். எதையும் விடாமல் எழுத வேண்டும் என்று பேசிக்கொண்டுதான் ஆரம்பித்திருக்கிறோம்.

டீச்சருக்கு முழுப்பெயர் மங்கையர்க்கரசி. திருநெல்வேலிப் பக்கம். கல்யாணமாகிப் பிம்ப்ரிக்கு வந்தவர். நிக்டியில் ஓர் இங்கிலீஷ் பள்ளியில் பூகோளம் சொல்லிக் கொடுத்தார், லைப்ரரியும் அவர் பொறுப்பில் இருந்தது. இத்தனை வருஷம் இந்தியும் மராட்டியும் பேசி வாழ்ந்தும் வாயில் திருநெல்வேலி போகவே இல்லை. வேலூர்ப் பக்கத்துக்காரனான என்னையும் 'அண்ணாச்சி' என்றுதான் கூப்பிட்டார். பள்ளியில் ஒருமுறை மும்பையிலிருந்து ஒரு வக்கீலம்மா வந்து, புத்தகங்களை நகல் எடுப்பது பற்றி டீச்சர்களுக்கு வகுப்பு எடுத்தாராம். "எல்லாரும் சமோசா எப்ப வரும்னு பாத்துக்கிட்டு இருந்தாங்க அண்ணாச்சி. நான் மட்டும் கேள்வி கேட்டுக்கிட்டே இருந்தேன். சமோசா ஆறிப்போச்சுன்னு எல்லாருக்கும் என் மேல கோவம்" என்பார். அந்த ஒரு நாள் கேட்டதை அவர் கடைசிவரைக்கும் விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு ஆரம்பித்த புதிதில் வாகட்டிலிருந்து ஒரு பிள்ளையின் அப்பா வந்தார். கம்ப்யூட்டர் வேலை. சென்னையிலிருந்து ஒரு பயிற்சிப் புத்தகம் வாங்கி வந்திருந்தார். நல்ல கெட்டி அட்டை, உள்ளே கலர் படம். என்னிடம் நீட்டி, "தாத்தா, வகுப்புல இருக்கிற எல்லாப் பிள்ளைங்களுக்கும் ஒவ்வொண்ணு போட்டுருங்க, முழுசா" என்றார். நான் மெஷின் மூடியைத் தூக்கிவிட்டேன். டீச்சர் கையை நீட்டி மூடியை மெதுவாக இறக்கினார்.

"ஏன் டீச்சர், படிப்புக்குத்தானே? படிப்புக்குன்னா நகல் எடுக்கலாம்னு நீங்களே சொன்னீங்களே" என்றார் அவர்.

"சொன்னேன். பாடம் நடத்தறதுக்கு வேண்டியதை எடுத்துக்க டீச்சருக்குச் சட்டம் இடம் குடுக்குது. இத்தனை பக்கம்னு கணக்குப் போட்டு வைக்கலை. எதுக்கு எடுக்கேன்னுதான் பாக்கும். இந்தப் புஸ்தகம் ஒவ்வொரு பிள்ளையும் வாங்கி எழுதுறதுக்குன்னே போட்டது. முழுசையும் நாம எடுத்துட்டா அதைப் போட்டவர் யாருக்கு விப்பார்?"

"எல்லாரும் பண்றதுதானே டீச்சர்."

"உங்க வீட்டுல பால் காய்ச்சி உறைக்கு மோர் இல்லைன்னா பக்கத்து வீட்டுல ஒரு கரண்டி கேப்பீங்க. யாரும் இல்லைன்னு சொல்ல மாட்டாங்க. அதுக்காகத் தயிர்ப் பானையையே தூக்கிட்டு வந்துருவீங்களா?"

அவர் சிரித்துவிட்டார். அன்றைக்கு டீச்சர் இரண்டு துண்டு வைத்துக் கொடுத்தார். அந்தப் பாடத்துக்கு வேண்டிய பக்கங்கள் மட்டும். மற்றதை வேண்டுமென்றவர்கள் வாங்கினார்கள். "சட்டம் இதுல என்ன சொல்லும்னு வக்கீலைக் கேட்டாத்தான் தெரியும். நான் சொன்னது என் மனசு" என்று பிறகு என்னிடம் சொன்னார். தெரிந்ததைத் தெரியும் என்றும், மனசில் பட்டதை மனசில் பட்டது என்றும் பிரித்துச் சொல்கிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

இன்னொரு நாள் நான் எடுத்த நகலைக் கையில் வாங்கிப் பார்த்தவர், "இது வேண்டாம், திரும்ப எடுங்க" என்றார். எழுத்தெல்லாம் பளிச்சென்று விழுந்திருந்தது. என்ன குறை என்று கேட்டேன். தாளை நான் கொஞ்சம் மேலே தள்ளி வைத்ததில் பக்கத்தின் தலையில் இருந்த ஒரு சின்ன வரி வெட்டுப்பட்டிருந்தது. எனக்கு அது வெறும் கறுப்புக் கோடு.

"எழுதினவங்க பேரு அண்ணாச்சி அது. பேரில்லாம பிள்ளைங்க கையில குடுக்கக் கூடாது."

அப்போதுதான் தன் கதையைச் சொன்னார். இளம் வயதில் அவர் ஒரு சின்னப் பயிற்சிப் புத்தகம் எழுதியிருந்தாராம். வெளியூரில் வளர்கிற பிள்ளைகள் தமிழ் எழுத்துப் பழக. கொஞ்ச நாள் கழித்து ஒரு கண்காட்சியில் அதே பக்கங்களை யாரோ நகல் எடுத்துத் தைத்து வைத்திருந்தார்கள். அட்டை மட்டும் வேறு. இவர் பேர் எங்கேயும் இல்லை. "எடுத்தது கூட எனக்கு வலிக்கலை. நான் வரைஞ்ச அணில் படத்துக்குக் கீழே வேற ஒருத்தி பேரு இருந்துச்சு பாருங்க, அன்னைக்கு எனக்குச் சோறு இறங்கலை" என்றார். அதற்குப் பிறகு தாளை மெஷினில் வைக்கும்போதெல்லாம் தலைப்பக்கத்தைத் தடவிப் பார்த்து வைப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. இன்றைக்கும் அப்படித்தான்.

இதையெல்லாம் வைத்து அவரை ரொம்பக் கறார் என்று சொன்னவர்கள் உண்டு. சங்கத்திலேயே சொன்னார்கள். அவர்கள் வாயை அடைத்தது கயல் விஷயம்.

கயல் எங்கள் தேஹு ரோடு பெண். அவள் அப்பா குமரேசன் டெப்போவில் என்னோடு வேலை பார்த்த சிநேகிதனின் மகன். பிறந்ததிலிருந்தே கயலுக்குக் கண் தெரியாது. தமிழ் படித்து டீச்சராக வேண்டும் என்று ஒரே பிடிவாதம். தபால் வழியில் பட்டப்படிப்புக்குச் சேர்ந்தாள். அதில் ஒரு நாவல் பாடமாக வைத்திருந்தார்கள். அந்தப் புத்தகம் அச்சில் மட்டும்தான் இருந்தது. ஒலிப்புத்தகமாகப் போடவில்லை. பிரெய்லிலும் கிடைக்கவில்லை. போனில் பக்கத்தைப் படம் பிடித்தால் அதுவே வாசிக்கும் என்று ஒரு வசதி இருக்கிறதாமே, அதையும் பார்த்தார்கள். பழைய அச்சு, மங்கிய எழுத்து. போன் வாசித்ததைக் கேட்டால் சாமியாடி குறி சொல்வது போலிருந்தது. குமரேசன் மகளைக் கூட்டிக்கொண்டு ஷேர் ஆட்டோ பிடித்து ஹாலுக்கு வந்தான்.

"எத்தனை பக்கம் வேணும்னாலும் நீங்க சொல்ற மாதிரி டீச்சர். பரீட்சைக்கு முக்கியமானது மட்டும் வாசிச்சுக் குடுத்தா கூடப் போதும்" என்றான்.

டீச்சர் அவனைப் பார்க்கவில்லை. கயலைப் பார்த்து, "உனக்கு எவ்வளவு வேணும்?" என்றார்.

"முழுசா வேணும் டீச்சர்" என்றாள் கயல். "கூடப் படிக்கிறவங்க முழுசாத்தானே படிக்கிறாங்க?"

"அப்ப முழுசாத்தான்" என்றார் டீச்சர்.

பக்கத்தில் நின்ற கார்த்திக் தம்பிக்கு ஆச்சரியம். "என்னங் டீச்சர், எங்களுக்கு நாலு பக்கம் எடுக்க ஆயிரம் கேள்வி கேட்டீங்க. இப்ப முழு புக்கும் பதிவு பண்றேங்கறீங்க?" என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார், ஆனாலும் குத்தல் இருந்தது.

"உங்களுக்கு வேற வழி இருக்கு கார்த்திக். கடையில வாங்கலாம், லைப்ரரியில எடுக்கலாம், கண்ணால படிக்கலாம். இவ காசைக் குடுத்து வாங்கினாலும் அது இவளுக்கு வெறும் காகிதம். இப்படிப்பட்டவங்களுக்குப் படிக்கிற மாதிரி மாத்திக் குடுக்க யார்கிட்டயும் அனுமதி கேக்க வேண்டாம்னு நம்ம சட்டத்துல எழுதியே வச்சிருக்கு. லாபம் பாக்கக் கூடாது. அவங்களைத் தாண்டி வெளியே போகக் கூடாது. அவ்வளவுதான்." கொஞ்சம் நிறுத்தி, "இதைச் சலுகைன்னு நினைக்காதீங்க. மாடிப்படி பக்கத்துல சக்கர நாற்காலிக்குச் சரிவு போடுதோம்ல, அது மாதிரி" என்றார்.

மறுநாளிலிருந்து மத்தியானங்களில் ஹாலில் பதிவு நடந்தது. எனக்கும் வேலை வந்தது. மின்விசிறியை நிறுத்த வேண்டும், ஜன்னலைச் சாத்த வேண்டும். வாசலில் உட்கார்ந்து, கீழே பழைய சாமான் வாங்கக் கூவிக்கொண்டு வருகிற பங்கார்வாலாவைக் கையெடுத்துக் கும்பிட்டு அடுத்த தெருவுக்கு அனுப்ப வேண்டும். அவன் முதலில் என்னைப் பைத்தியம் என்று நினைத்தான். பிறகு எங்கள் கட்டடத்தைத் தாண்டும்வரை வாயைப் பொத்திக்கொண்டு வண்டியைத் தள்ளிப் போக ஆரம்பித்தான். உள்ளே டீச்சர் வியர்க்க வியர்க்க வாசித்துக்கொண்டிருப்பார். பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் அடித்தால் நிறுத்தி, தண்ணீர் குடித்து, அந்தப் பத்தியை முதலிலிருந்து வாசிப்பார்.

கதவு சாத்தியிருந்தாலும் எனக்குத் துண்டு துண்டாகக் காதில் விழும். உப்பளத்தில் வேலை செய்கிற அக்கா தங்கை இரண்டு பேர் கதை. அப்பா செத்த பிறகு இரண்டு பேருக்கும் வாய்ச்சண்டை முற்றுகிறது. தங்கை வீட்டைவிட்டுப் போகிறாள். அக்கா கதவைச் சாத்தி, 'இனிமேல் இந்தக் கதவு உனக்குத் திறக்காது' என்கிறாள். அந்த இடத்தில் கீழே ஒரு ஆட்டோக்காரன் ஹாரன் அடித்தான். மீதி காதில் விழவில்லை. எனக்கும் ஒரு தம்பி பேச்சு வார்த்தை இல்லாமல் போனவன் உண்டு. அது வேறு கதை. ஆனால் அன்றைக்கு ஷேர் ஆட்டோவில் தேஹு ரோடு போய்ச் சேரும்வரை அந்தத் தங்கை எங்கே போயிருப்பாள் என்றே நினைத்துக்கொண்டு போனேன்.

பாதிப் புத்தகம் முடிந்திருந்தபோது கார்த்திக் தம்பி ஒரு காரியம் செய்தார். எழுதுங்கள் தம்பி, விடாதீர்கள். பதிவை எல்லாம் கயலுக்கு அனுப்பிவைக்கும் வேலை அவருடையது. டீச்சர் குரலில் சொக்கிப்போய், நல்லது என்று நினைத்து, அதே பதிவுகளைச் சங்கத்து போன் குரூப்பிலும் போட்டுவிட்டார். வாகட், நிக்டி என்று எல்லா வீட்டுக்கும் போயிற்று. கும்பிடும் கை படம், பூங்கொத்துப் படம் என்று குவிந்ததாம். 'காரில் போகும்போது கேட்கிறோம், பிள்ளைகளுக்கும் தமிழ் காதில் விழுகிறது' என்று பாராட்டு.

டீச்சர் ஹாலுக்கு வந்தார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை.

"கார்த்திக், ஒருத்திக்குக் குடுத்த சாவியை ஊருக்கெல்லாம் அடிச்சுக் குடுத்துட்டீங்களே."

"டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க. எங்க பிள்ளைங்களும் தமிழ் படிக்க முடியாமத்தானுங்க இருக்குதுங்க?"

"உங்க பிள்ளைக்குக் கண்ணு இருக்கு. சொல்லிக் குடுக்கத்தான் ஆள் இல்லை. அதுக்கு ஞாயித்துக்கிழமை இருக்கு. ரெண்டையும் ஒண்ணாக்காதீங்க. ஒண்ணாக்கினா முதல்ல அடி வாங்கறது கயல்தான்."

அவர் சொன்னபடியே நடந்தது. குரூப்பில் இருந்த யாரோ சென்னையில் இருக்கிற சொந்தக்காரருக்கு அனுப்ப, அவர் இன்னொருவருக்கு அனுப்ப, கடைசியில் புத்தகம் போட்டவர்களிடமே போய்ச் சேர்ந்துவிட்டது. ஒரு மத்தியானம் டீச்சருக்குப் போன் வந்தது. அவருக்குக் காது கொஞ்சம் மந்தம், ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். அதனால் நானும் கேட்டேன், கார்த்திக் தம்பியும் கேட்டார்.

"அம்மா, எங்க புக்கை முழுசா ஆடியோவாக்கி ஊர் பூரா விட்டிருக்கீங்களாமே?"

"ஆக்கினது உண்மை. ஊருக்கு விட்டது தப்பு. ரெண்டையும் தனித்தனியாப் பேசுவோம் தம்பி."

"ரெண்டும் ஒண்ணுதாம்மா. எங்களைக் கேட்டீங்களா?"

"கண்ணு தெரியாத ஒரு பிள்ளைக்காக வாசிச்சேன். அதுக்குக் கேக்கணும்னு சட்டம் இல்லை. நீங்களே ஒலிப்புத்தகம் போட்டிருந்தா அதையே வாங்கிக் குடுத்திருப்பேன். போடலையே. ஆனா அது மத்தவங்க கைக்குப் போயிட்டுது. அதுக்கு நான் மன்னிப்புக் கேக்கேன். எல்லா வீட்டுலயும் அழிக்க வைக்கேன். அது என் பொறுப்பு."

"அப்படின்னா மீதியை நிறுத்திருங்க. மீறினா வக்கீல் நோட்டீஸ் வரும்."

டீச்சர் ஒரு மூச்சு விட்டார். "நோட்டீஸ் அனுப்புங்க. வாங்கிக்கிடுதேன். ஆனா அவளுக்குப் பரீட்சை வருது. மீதியை வாசிக்காம இருக்க மாட்டேன்."

அந்தப் பக்கம் இருந்தவர், "யோசிச்சு சொல்றேன்" என்று வைத்துவிட்டார்.

டீச்சர் போனை மேசையில் வைத்தார். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெளியில் எங்கேயும் டீ குடிக்காதவர், என்னைப் பார்த்து, "அண்ணாச்சி, ஒரு டீ போடுதீங்களா?" என்றார். சட்டம் தெரிந்தவருக்குப் பயம் இருக்காது என்று அதுவரை நினைத்திருந்தேன். பயத்தோடேயேதான் அவர் அப்படிப் பேசினார்.

கார்த்திக் தம்பி மட்டும், "கொஞ்ச நாளைக்கு நிறுத்தி வெச்சுப் பாக்கலாமுங்களா டீச்சர், சங்கத்துப் பேரும் இருக்குதுல்ல" என்று இழுத்தார்.

"சங்கத்துப் பேரைக் காப்பாத்தணும்னா உக்காந்து போன் பண்ணுங்க. ஒவ்வொரு வீடா. அழிச்சாச்சுன்னு அவங்க வாயால சொல்ற வரைக்கும் வைக்காதீங்க."

பண்ணினார். அதையும் சொல்ல வேண்டும். ஆபீஸ் விட்டு நேராக ஹாலுக்கு வந்து, ஒரு வாரம் முழுக்க ஒரு மூலையில் உட்கார்ந்து போன் பண்ணினார். சிலர் சிரித்தார்கள். சிலர், "இதுக்கெல்லாமா போலீஸ் வரப்போவுது?" என்று கேலி பேசினார்கள். ஒரு அம்மா, "அவ்வளவு நல்லாருந்துச்சு, அழிக்க மனசு வரலையே" என்று அழுதாராம். "அப்ப புஸ்தகத்தை வாங்கி உங்க மகளுக்கு நீங்க வாசிங்கம்மா" என்று டீச்சர் பக்கத்திலிருந்து சொல்லிக் கொடுத்தார். அந்த அம்மா வாங்கினார். இன்னும் பலர் வாங்கினார்கள். உள்ளே டீச்சர் மீதியை வாசிக்க, வாசலில் இந்த முறை என்னோடு கார்த்திக் தம்பியும் காவலுக்கு உட்கார்ந்திருந்தார். நோட்டீஸ் வரவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றவரும் திரும்பப் பேசவே இல்லை. வருமோ வருமோ என்று கதவு தட்டும்போதெல்லாம் டீச்சர் நிமிர்ந்து பார்த்துவிட்டு வாசிப்பைத் தொடர்ந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

கயல் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதப் பரீட்சை முடித்தாள். தேறிவிட்டாள். ஹாலுக்கு வந்து டீச்சர் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டு, "எல்லாக் கேள்விக்கும் உங்க குரல்ல பதில் வந்துச்சு டீச்சர்" என்றாள்.

அன்றைக்குத்தான் நான் என் ஆசையைக் கேட்டேன். கேட்கக் கூச்சமாக இருந்தது.

"டீச்சர், எனக்கும் எழுத்துத் தெரியாது. அந்தப் பதிவ எனக்கும் கொஞ்சம் குடுக்கலாமா? அந்தத் தங்கச்சி என்ன ஆனான்னு தெரியாம தூக்கம் வரல."

டீச்சர் யோசித்தார். எனக்காகச் சட்டத்தைக் கொஞ்சம் வளைக்க முடியுமா என்று பார்த்தார் என்றுதான் நினைக்கிறேன்.

"முடியாது அண்ணாச்சி" என்றார். "உங்களுக்குக் குடுத்தா, அன்னைக்கு அழிக்க வச்சேனே, அந்த வீட்டுக்காரங்களுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்? உங்களுக்குப் படிக்கத் தெரியாதது யாரோ செஞ்ச அநியாயம். ஆனா கயல் மாதிரி இல்லை அது." என் முகம் வாடியிருக்க வேண்டும். "எழுத்து சொல்லித் தரட்டுமா?" என்றார்.

"வேணாம் டீச்சர். இனிமே ஒரு வேலையும் புதுசாக் கத்துக்கிற மாதிரி இல்ல" என்றேன்.

அவர் வற்புறுத்தவில்லை. "சரி. வியாழக்கிழமை மத்தியானம் எனக்கு வேலை இல்லை. நானே வந்து வாசிக்கேன். எதிரே உக்காந்திருக்கிற ஒரு ஆளுக்கு வாயால வாசிக்கிறதுக்கு உலகத்துல யாரையும் கேக்க வேண்டாம்."

அப்படி ஆரம்பித்தது அது. வியாழக்கிழமை மின்விசிறியை நிறுத்த வேண்டியதில்லை. ஜன்னலைத் திறந்து வைப்போம். பங்கார்வாலா கத்திக்கொண்டே போவான். டீச்சர் வாசிப்பார், நான் கொத்தமல்லி ஆய்வேன், இல்லை, டம்ளர் துடைப்பேன். அடுத்த வாரம் வந்ததும், "எதுல விட்டோம்?" என்பார். அவர் கடைசியாக வாசித்ததை வரி பிசகாமல் சொல்வேன். எழுதிவைக்கத் தெரியாதவனுக்கு மனசில்தானே வைத்துக்கொள்ள முடியும். முதல் தடவை கேட்டதும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, இந்த ஹால்லயே மோசமான ஜெராக்ஸ் மெஷின் உங்க தலைதான். இதைத் தடுக்க எந்தச் சட்டமும் கிடையாது."

அவர் அப்படிக் குலுங்கிச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

போன மாதம் அந்தக் கடைசி வியாழக்கிழமை. தங்கை பல வருஷம் கழித்து ஊர் திரும்புகிறாள். நல்ல மழை. உப்பளம் எல்லாம் கரைந்துகொண்டிருக்கிறது. அக்கா வீட்டு வாசலில் வந்து நின்று, கதவைத் தட்டக் கையைத் தூக்குகிறாள். டீச்சர் புத்தகத்தை மூடிவிட்டார்.

"என்ன டீச்சர், இந்த இடத்துல மூடிட்டீங்க?"

"இன்னும் ஒரு அத்தியாயம்தான் இருக்கு. இன்னைக்கே முடிச்சுட்டா அடுத்த வாரம் நீங்க எனக்கு டீ போட்டுத் தர மாட்டீங்கல்லா" என்றார். காகிதத் துண்டைப் பக்கத்தில் செருகி, புத்தகத்தை மேசையிலேயே வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனார்.

நிக்டியில்தான் தகனம். வந்தவர்களில் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள். மராட்டிப் பிள்ளைகளும் நிறைய வந்திருந்தார்கள். கயல் தன் அப்பா தோளைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை நின்றாள். காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒரு வியாழக்கிழமை மத்தியானம் நான் ஹாலில் சும்மா உட்கார்ந்திருந்தேன். கயல் வந்தாள். எப்போதும் வியாழக்கிழமை இங்கே என்ன நடக்கும் என்று டீச்சர் அவளிடம் சொல்லியிருக்கிறார்.

"தாத்தா, கடைசி அத்தியாயம் என்கிட்ட இருக்கு. டீச்சர் குரல்லயே இருக்கு. போடட்டுமா?"

போனை எடுத்து என் பக்கம் நீட்டினாள்.  அந்தக் குரலை இன்னொரு தடவை கேட்க எனக்கு எவ்வளவு ஆசை என்று நான் சொல்லத் தேவையில்லை. அவர் போய்விட்டார், யாரும் பார்க்கப் போவதில்லை, கேட்கப் போவதில்லை. கயலைக் கொண்டுவந்து விட்டுவிட்டு ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த கார்த்திக் தம்பி கூட, "கேளுங்கண்ணா, பரவாயில்லீங்" என்றார்.

நான் வேண்டாம் என்றேன். சட்டத்துக்குப் பயந்து சொல்லவில்லை. முடியாது என்று என் முகத்துக்கு நேரே சொன்னவர், சொல்லிவிட்டு எனக்காக வாராவாரம் படியேறி வந்தவர். இப்போது மறுபடியும் அனுமதி கேட்டால் பதில் சொல்ல அவர் இல்லை. அதனால்தான்.

 கயல் பையிலிருந்து இயர்போனை எடுத்துத் தன் ஒரு காதில் மட்டும் வைத்துக்கொண்டாள். பதிவைத் தனக்குப் போட்டாள். ஒரு வாக்கியம் கேட்பாள், நிறுத்துவாள், எனக்கு எதிரே உட்கார்ந்து அதை வாயால் சொல்வாள். மறுபடி கேட்பாள், நிறுத்துவாள், சொல்வாள். எதிரே உட்கார்ந்திருக்கிற ஒரு ஆளுக்கு வாயால் சொல்வதற்கு யாரையும் கேட்க வேண்டாம். சொன்னது கயல் குரல்தான். ஆனால் டீச்சர் எங்கே மூச்சு வாங்குவாரோ அங்கே அவளும் வாங்கினாள். பாதியில் ஓரிடத்தில் நிறுத்திச் சிரித்தாள். "குக்கர் விசில் கேக்குது தாத்தா" என்றாள். அத்தியாயம் முடிய மாலையாகிவிட்டது.

என்னிடம் இருப்பது இவ்வளவுதான். டீச்சர் செருகிவைத்த காகிதத் துண்டு அந்தப் புத்தகத்தில் அப்படியே இருக்கிறது, நான் எடுக்கவில்லை. தாளை மெஷினில் வைக்கும்போது பேர் வெட்டுப்படாமல் தலைப்பக்கத்தைத் தடவிப் பார்க்கிற பழக்கம் இருக்கிறது. கடைசி அத்தியாயம் தவிர மொத்தக் கதையும் அவர் குரலிலும், கடைசி அத்தியாயம் மட்டும் கயல் குரலிலும், வரி பிசகாமல் என் தலைக்குள் இருக்கிறது. நான் இருக்கும்வரை இருக்கும்.

அக்கா கதவைத் திறந்தாளா என்று என்னைப் பலரும் கேட்கிறார்கள். இதை எழுதுகிற கார்த்திக் தம்பியே இப்போதுதான் கேட்டார். எனக்குத் தெரியும். ஆனால் உங்களுக்கெல்லாம் கண் நன்றாகத் தெரியும், எழுத்தும் தெரியும். புத்தகம் கடையில் கிடைக்கிறது. வாங்கிப் படியுங்கள். அரசி டீச்சராக இருந்தால் அதைத்தான் சொல்வார்.